கூறு போட்ட புளியங்கொட்டை

பதினேழு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக் காலம் தள்ளுகிறேன். "எதுல ஜாஸ்தி இருக்கு?" வேறு கேள்விகளும் பாடத்தில் உண்டுதான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாதம் இதை ஆரம்பித்தால் ஏப்ரல் வரை ஓயாது. வீட்டில் குழம்பு ஊற்றும்போது மகன் அதே கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பள்ளி கீரப்பாளையத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில். மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். நாலும் ஐந்தும் தலைமையாசிரியைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என் தலையில். நான் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன்.

பாடம் நடத்தும் முறை எளிது. தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம். ஒன்றில் ஐந்து புளியங்கொட்டை, இன்னொன்றில் ஏழு. பிள்ளை தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் எதில் ஜாஸ்தி, எதில் கம்மி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதற்கு எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தினார்கள், டீயும் மிக்சருமாக.

இதை எத்தனை விதமாகக் கெடுக்க முடியும் என்று பிள்ளைகள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். ஐந்து கொட்டையைப் பரப்பி வைத்தால் அதுதான் ஜாஸ்தி. ஏழு கொட்டையை நெருக்கி வைத்தால் கம்மி. ஒரு பையன் எப்போதும் தனக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தைக் காட்டுவான். இடம் மாற்றி உட்கார வைத்தேன். பதிலும் கூடவே மாறியது. இன்னொருத்தி ஒரு கொட்டையை இரண்டு தடவை தொடுவாள், அதற்கு ஈடாக வேறு ஒன்றைத் தொடாமல் விட்டுவிடுவாள். மொத்தம் சரியாக வந்துவிடும். அவளை என்னவென்று திருத்துவது?

என் குட்டும் ஒரு நாள் வெளிப்பட்டது. வகுப்பைப் பார்வையிட வந்த ஒரு தம்பி, கடைசி வரிசையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார். "டீச்சர், ஜாஸ்தி இருக்கற பக்கமே நீங்க பாக்கறீங்க. பிள்ளைங்க கொட்டைய எண்ணல. உங்க கண்ணப் பாத்துச் சொல்றாங்க." அவர் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பாதி வகுப்பு தப்பாகச் சொன்னது. கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் மூஞ்சியைப் படிக்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பி மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அவர் சொன்னது சரி என்பதால் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அன்றிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

போன வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். ஆறு வயசு. சுவரோரம் உட்காருவாள். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. எழுத்தெல்லாம் நன்றாக எழுதினாள். ஜாஸ்தி கம்மிக்கு வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

ஐந்தும் ஏழும் வைத்தேன். எண்ணினாள். "அஞ்சு. ஏழு." இரண்டும் சரி. எதுல ஜாஸ்தி என்று கூரையைப் பார்த்துக் கேட்டேன். சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால், ஏழிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து ஐந்தோடு போட்டிருந்தாள். இரண்டிலும் ஆறு. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று என்னைப் பார்த்தாள்.

"கலைக்காத. எதுல ஜாஸ்தின்னு மட்டும் சொல்லு" என்று பழையபடி வைத்தேன். பழையபடி சமமாக்கினாள்.

நாலும் ஏழும் வைத்தேன். ஏழிலிருந்து ஒன்றை எடுத்து நாலில் வைத்தாள். ஐந்து, ஆறு. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஆறிலிருந்து ஒன்றை எடுத்து, எந்த வட்டத்திலும் போடாமல், என் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"இது என்னா?" என்றேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு டீச்சரைக் கிண்டல் செய்யத் தெரியுமா என்று கேட்பவர்கள் ஒன்றாம் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

மாதக்கணக்கில் இப்படிப் போனது. பாட்டில் மூடி வைத்தேன், ஐஸ் குச்சி வைத்தேன், பாசிமணி வைத்தேன். திட்டினேன், கொஞ்சினேன். சரியாகச் சொன்னால் மிட்டாய் என்றேன். கடைசியில் மிட்டாயையே வைத்து எண்ணச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் என்றால் அதில் ஒன்று வாய்க்குள் போயிருக்கும். அவள் அதையும் சமமாகப் பிரித்து, மிச்சம் ஒன்றை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தெரியும், என்ன தெரியாது என்று செல்போனில் ஒரு செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னலுக்காகக் கைப்பம்புக்குப் பக்கத்தில் போய் நின்று ஏற்றுவேன். தெரிந்தால் பச்சை, அரைகுறைக்கு மஞ்சள், தெரியாவிட்டால் சிவப்பு. என் வகுப்பில் ஒரே ஒரு சிவப்பு இருந்தது. தலைமையாசிரியை அதைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான் இல்ல?" என்று மட்டும் கேட்டார். அது போதும் எனக்கு. சாதத்தில் ஒரு கல் இருந்தாலும் தட்டையே தள்ளிவிடுகிற ஆள் நான்.

அந்தச் சமயத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கற்றலில் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகப்படும் பிள்ளைகளின் பெயரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கடலூரில் முகாம்; டாக்டர் பார்ப்பார். குறை இருக்கிறது என்று எழுதிவிட்டால் ஜூனிலிருந்து அந்தப் பிள்ளை எங்கள் பள்ளியில் இருக்காது. வேன் வந்து வேறு ஊரில் இருக்கும் தனி மையத்துக்கு அழைத்துப் போகும்.

அவள் பெயரை எழுதினேன். யாராவது கேட்டிருந்தால் அக்கறையில் எழுதினேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் பட்டியலில் ஏறிய பிள்ளையை வகுப்புக் கணக்கில் செயலி சேர்க்காது, சிவப்பு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். அக்கறை பாதி, சிவப்பு பாதி என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். பாதிதானா என்று எண்ணிப் பார்த்ததில்லை.

படிவத்தில் கையெழுத்து வாங்க அவள் அம்மாவை வரச் சொன்னேன். உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் நேராக வந்தார், சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையோடு.

"எழுதுது, படிக்குதும்மா. ஜாஸ்தி கம்மி மட்டும் சுத்தமா தெரியல. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டா நல்லது" என்றேன்.

"வூட்டுல எல்லாம் நல்லாத்தான் செய்யுது டீச்சர்."

"வூடு வேற, பள்ளிக்கூடம் வேறம்மா."

படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூளையில ஏதாவதா டீச்சர்?"

"அத டாக்டர்தான் சொல்லணும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். பெண் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கும் காது உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை. படிவத்தில் எந்தக் கட்டமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகாமுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு நாள் காலையில் ஒன்றாம் வகுப்பில் இரண்டே பேர். மற்றவர்கள் குளத்தில் மீன் பிடிக்கிறார்கள் என்றார்கள் அந்த இரண்டு பேரும், தங்களை மட்டும் வீட்டில் போக விடவில்லையே என்ற வருத்தத்தோடு. வருகையைப் பத்து மணிக்குள் ஏற்ற வேண்டும். "போயி ஓட்டிட்டு வாங்க" என்றார் தலைமையாசிரியை.

அது ஊர்ப் பொதுக்குளம். பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரே இறங்கிப் பிடிக்கும். யார் வலையில் விழுந்தாலும் மீன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தலைக்கட்டுக்கு ஒரு கூறு, அதாவது வீட்டுக்கு ஒரு குவியல் என்று பிரிப்பார்கள். நான் போனபோது பிடித்து முடித்துவிட்டார்கள். கரையில் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் வரிசையாக முப்பத்திரண்டு கூறு போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஆண்கள் சேற்றுக் காலோடு நின்றார்கள். நடுவில் என் சுவரோரப் பெண் குந்தியிருந்தாள்.

கையெல்லாம் செதில். ஒரு கூறில் இருந்த கெண்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள், அடுத்த கூறிலும் எண்ணினாள். முதலாவதிலிருந்து ஒரு கெண்டையை எடுத்து அடுத்ததில் போட்டாள். பிறகு ஜிலேபி மீனை எண்ணினாள், கெளுத்தியை முள் குத்தாமல் தலைப்பக்கமாகத் தொட்டு எண்ணினாள். நகர்ந்து அடுத்த கூறுக்குப் போனாள். யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் "அந்தக் கடைசிக் கூறுல..." என்று ஆரம்பித்தார்.

"மச்சான், நீ சும்மா இரு. அது பாக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர். அவர் பெண்ணின் தாய்மாமா. கூறு போடுகிற பொறுப்பு அவருடையது.

"பிள்ளைய ஏங்க இதுல உக்கார வெச்சிருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"பெரிய ஆளு கை வெச்சா, பங்காளிக்கு ஒதுக்கிட்டான்னு பேச்சு வரும் டீச்சர். புள்ளன்னா வராது. இது கணக்கும் தப்பாது. போன வருஷத்துலேர்ந்து இதான் பாக்குது."

"எதுல ஜாஸ்தின்னு அதுக்குத் தெரியுமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியாமயா எடுத்து மாத்துது?"

"அப்ப வாயத் தொறந்து ஏன் சொல்ல மாட்டேங்குது?"

"நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். முன்ன ஒரு தடவ இப்பிடித்தான் ஒரு புள்ள, இதுல ஜாஸ்தின்னு கத்திடுச்சி. அந்தக் கூறுக்காரனும் பக்கத்துக் கூறுக்காரனும் கட்டிப் பொரண்டு, சிதம்பரம் போயி தையல் போட்டுக்கிட்டு வந்தாங்க. அதிலேர்ந்து இதுகிட்ட சொல்லிட்டேன். ஜாஸ்தின்னு தெரிஞ்சா சொல்லாத. எடுத்து கம்மியில வெச்சிட்டுப் போயிட்டே இரு."

எல்லாக் கூறும் சமமான பிறகு ஒரு விரால் மிஞ்சியது. முப்பத்திரண்டில் எதில் போட்டாலும் தப்பு. பெண் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள், நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள், நேராக வந்து என் காலடியில் வைத்தாள்.

"மிச்சம் விழுந்தா பங்கு இல்லாத ஆளுக்குக் குடுத்துடறது டீச்சர்" என்றார் தாய்மாமா. "இங்க பங்கு இல்லாத ஆளு நீங்கதான்."

இத்தனை மாதமாக என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த புளியங்கொட்டை எல்லாம் என்ன கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஊர் முறைப்படி எனக்குச் சேர வேண்டியதை அவள் தினமும் தந்திருக்கிறாள். நான் வாங்கிக்கொண்டு தினமும் திட்டியிருக்கிறேன். எனக்கு முகம் சுட்டது. வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம். வெயிலும் இருந்தது.

விராலை ஒரு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தது. மாலைவரை பள்ளிக்கூட வாளியில் கிடந்தது. அன்று நான் நடத்திய எந்தப் பாடத்தையும் யாரும் கவனிக்கவில்லை.

மதியம் அவளை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாலும் ஏழும் வைத்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "இது யாரு கூறும் இல்ல. வெறும் கொட்டை. இங்க வாயத் தொறந்து சொல்லலாம்."

"சண்டை வராதா டீச்சர்?"

"வராது."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இதுல" என்றாள் மெதுவாக. எத்தினி ஜாஸ்தி என்றேன். "மூணு." ஒன்பதும் ஐந்தும் வைத்தேன், எட்டும் எட்டும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் வந்தது. பதினேழு வருஷ அனுபவத்துக்கும் மூன்று நாள் பயிற்சிக்கும் வராத பதில், சண்டை வராது என்ற ஒரு வார்த்தைக்கு வந்தது.

அன்று மாலையே கீரப்பாளையத்தில் இறங்கி, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனேன். பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏத்தினது ஏத்தினதுதான் டீச்சர். எடுக்கறதுக்கு இதுல பட்டன் இல்ல" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கடலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. குறை இல்லன்னு டாக்டர் எழுதினா போயிடும். போகலன்னா, குறை இருக்குன்னே வெச்சிக்கிட்டு ஜூன்ல மையத்துக்கு மாத்திடும்."

"யாரு மாத்துவா?"

"யாரும் இல்ல. தானா மாத்திக்கும்."

என் காலடியில் பை துள்ளியது. "என்னா டீச்சர் அது?" என்றார். மீன் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

முகாம் அன்று நான் லீவு போட்டேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் சேர்ந்து பஸ் ஏறினோம். அம்மா நல்ல சேலை கட்டியிருந்தார். பெண்ணுக்குத் தீபாவளிக் கவுன். அவருக்கு ஒரு நாள் வேலை போயிற்று. ஊசி போடுவார்களா என்று பெண் கேட்டாள். எண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்றேன். கடலூர் வந்து இறங்கும்போது இன்னொன்று கேட்டாள்.

"அங்க சண்டை வருமா டீச்சர்?"

"வராது. தைரியமா சொல்லு."

முகாமில் உள்ளே தாய் தகப்பனை மட்டும்தான் விட்டார்கள். கண்ணாடிக் கதவில் பாதிவரை பெயின்ட் அடித்திருந்ததால் எனக்கு டாக்டரம்மாவின் தலையும், பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களும்தான் தெரிந்தார்கள். நெடுநெடுவென்று இரண்டு ஆட்கள். தெரியாத ஊர், தெரியாத ஆம்பிளைகள். இங்கே சண்டை வரும் என்று அவள் நினைத்துவிட்டால் வாயே திறக்க மாட்டாள். எடுத்து எடுத்துச் சமமாக்கிவிட்டு, மிச்சத்தை டாக்டருக்குப் பக்கத்தில் வைப்பாள். அவர்களும் என்னைப் போலவே எழுதிவிடுவார்கள். எழுதினால் வேன் வரும். இதுவரை எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்கதான் டீச்சரா?" என்றார் டாக்டர். "இதுல அஞ்சு ஜாஸ்தின்னு சொல்லுது. ரெண்டு எடுத்து அதுல போட்டா சரியாயிடும், ஒண்ணு மிச்சம் நிக்கும்னும் சொல்லுது. நான் அதக் கேக்கவே இல்ல. எதுக்கு இந்தக் குழந்தைய அனுப்பினீங்க?"

"ஒரு சந்தேகத்துக்குத்தான் மேடம்."

குறை இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட் கிடைத்தது. ஜன்னலோரம் பெண், நடுவில் அம்மா, ஓரத்தில் நான். பஸ் கடலூரைத் தாண்டியது. பிறகு அம்மா முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயி, வூட்டுல வெச்சி இத அடிச்சிட்டேன் டீச்சர்."

நான் அவரைப் பார்த்தேன்.

"டீச்சரே சொல்றாங்களே, ஒனக்கு என்னாடி கேடுன்னு, வெளக்கமாத்தால. அதுக்கு முன்ன இத நான் தொட்டதில்ல. எதுக்கு அடிக்கிறேன்னு அதுக்குத் தெரியல. அது பாட்டுக்கு நின்னு வாங்கிக்கிச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் அங்கே சொன்னேன். குளத்தில் பார்த்தது, புளியங்கொட்டை, சிவப்பு, அது போய்விடும் என்று தெரிந்தே பெயரை எழுதியது. தப்பு முழுக்க என்னுடையதும்மா என்றேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"இத எங்கிட்ட எதுக்கு டீச்சர் சொல்றீங்க?" என்றார். "அடி வாங்கினது அதுதான?"

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து எனக்கு நடு இடத்தை விட்டுவிட்டு ஓரத்துக்கு மாறிக்கொண்டார். நான் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினேழு வருஷத்தில் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஜாஸ்தி கம்மி ஒனக்குத் தெரியலன்னு எழுதிட்டேன். தப்பா எழுதிட்டேன். ஒனக்கு நல்லா தெரியும்" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்."

"பெரியவுங்ககிட்ட இப்பிடியா பேசுவ" என்று அம்மா பாதிச் சிரிப்போடு, எனக்குக் குறுக்கே கையை ஓங்கினார். வெறும் ஓங்கல்தான். அடிக்கிற கை இல்லை. ஆனால் பெண் தோளைக் குறுக்கி, தலையை மடிக்குள் கொண்டுபோய், இரண்டு கையாலும் பின்னங்கழுத்தை மூடிக்கொண்டாள். ஜூன் மாதத்திலிருந்து அவளைப் பார்க்கிறேன். நான் எவ்வளவு திட்டியும் அவள் அப்படிச் செய்ததில்லை.

அம்மாவின் சிரிப்பு நின்றது. ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் உருவிக்கொள்ளவில்லை. சிதம்பரம் வரும்வரை நான் அதை விடவில்லை.